ஒரு பிடி சுண்ணாம்பு

ஒரு சொட்டு அமிலத்துக்கு முத்தும் ஒன்றுதான், முட்டை ஓடும் ஒன்றுதான். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துச் சங்கின்மேல் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்துப் பொங்கும். மக்ரானா பளிங்குத் துண்டின்மேல் விடுங்கள், அதே நுரை. கடற்கரைக் கிளிஞ்சல், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், முத்து, பவளம் எல்லாவற்றிலிருந்தும் அதே கரியமில வாயுதான் குமிழியிட்டு வெளியேறும். மிச்சமாக நிற்பதும் அதே கால்சியம் உப்புதான். கிளியோபாட்ரா தன் காதணி முத்தைக் காடியில் கரைத்துக் குடித்துக் காட்டினாள் என்று ரோமாபுரிப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். நடந்ததோ இல்லையோ, வேதியியல் அதற்கு இடம் கொடுக்கிறது. அவள் கரைத்த முத்தில் இருந்த அதே சரக்கைத்தான் இன்று மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரையாக அடைத்து விற்கிறார்கள்.

கால்சியம் கார்பனேட் என்பது அதன் பெயர். நவரத்தினம் என்று நாம் கொண்டாடும் ஒன்பதில் முத்து, பவளம் இரண்டும் இதுதான். 100 கிராம் எடுத்துப் பிரித்தால் 40 கிராம் கால்சியம், 12 கிராம் கரி, 48 கிராம் ஆக்சிஜன். மூன்றில் எதற்காகவும் யாரும் போர் தொடுத்ததில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்து கிடக்கிறது, கேட்பாரில்லை.

தங்கத்தைக் கொண்டு அழகு செய்வது பெரிய காரியமில்லை, அது தானாகவே மினுங்கும். சுண்ணாம்பை எடுத்து முத்து செய்கிற இடத்தில்தான் செய்தவன் யாரென்று தெரிகிறது. ஒரு பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அமிலம் பதில் சொல்லிவிடும். எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. கரைத்துவிட்ட பிறகு எங்கே தெரியப்போகிறது? எனக்கோ அந்த இரண்டாவது கேள்விக்குள் நுழையும்போதெல்லாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றத் தோன்றுவதுபோல் ஓர் எண்ணம் வருகிறது.

கண்ணுக்கு எட்டாத அளவிலிருந்து தொடங்கலாம். ஒரு கரி அணுவைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் அணுக்கள் தட்டையான முக்கோணமாக நிற்கின்றன, அதுதான் கார்பனேட். இந்த முக்கோணங்களும் கால்சியமும் கலந்து அடுக்கப்படும்போது ஒவ்வொரு கால்சியத்தையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்து நின்றால் அது கால்சைட். ஒன்பது சூழ்ந்தால் அரகோனைட். கூடவோ குறையவோ ஓர் அணுகூட இல்லை, நிற்கிற விதம்தான் வேறு. அதற்கே குணம் மாறிவிடுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் கால்சைட் 2.71 கிராம், அரகோனைட் நெருக்கிப் பிடித்து 2.93 கிராம் இருக்கிறது, கொஞ்சம் கடினமாகவும் இருக்கிறது. வேட்டரைட் என்று மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. லேசானது, நிலைகொள்ளாதது, ஈரத்தில் விட்டால் சீக்கிரமே மற்ற இரண்டில் ஒன்றாக மாறிவிடும். அதை ஒரு மீனின் காதுக்குள் பிறகு சந்திப்போம்.

கால்சைட்டில் அந்த முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருக்கின்றன. அந்த ஒழுங்கு என்ன செய்யும் என்பதை 1669-இல் கோபன்ஹேகன் பேராசிரியர் எராஸ்மஸ் பார்த்தோலின் எழுதி வெளியிட்டார். ஐஸ்லாந்திலிருந்து வந்த, தண்ணீர்போல் தெளிந்த கால்சைட் கட்டி அவரிடம் இருந்தது. எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. கட்டியை மெல்லத் திருப்பினால் இரண்டில் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்க, மற்றது அதைச் சுற்றி வந்தது. முக்கோணங்கள் படுத்திருக்கும் தளத்தில் அதிர்கிற ஒளி கட்டிக்குள் மெதுவாகப் போகிறது; அந்தத் தளத்துக்குக் குறுக்கே அதிர்கிற ஒளி விரைவாகப் போகிறது. உள்ளே போனது ஒரு கதிர், வெளியே வருவது இரண்டு. பார்த்தோலினுக்கு இந்தக் காரணம் தெரியாது. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அறியும் வழியே அன்று இல்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். அதே ஐஸ்லாந்துக் கல்லை உரலில் இட்டு இடித்தால் கண்ணில் படுவது வெறும் வெள்ளைப் பொடி, சுவருக்கு அடிக்கலாம்.

அடுத்த நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். ரெனே ஜூஸ்ட் ஹாயுய் என்று பெயர். நண்பர் ஒருவர் தம் வீட்டில் சேகரித்து வைத்திருந்த கால்சைட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைதவறிக் கீழே விழுந்து உடைந்ததாகவும், சிதறிய துண்டுகள் எல்லாமே ஒரே சாய்சதுர வடிவத்தில் இருப்பதைக் கண்டு திகைத்ததாகவும், வீட்டுக்கு ஓடித் தன் கற்களையும் வேண்டுமென்றே உடைத்துப் பார்த்ததாகவும் சொல்வார்கள். படிகவியல் என்ற துறையின் பிறப்புக் கதை இது. கால்சைட்டை எத்தனை முறை உடைத்தாலும் அது தன் பிளவுத் தளங்கள் வழியாகத்தான் பிளக்கும், சாய்சதுரமாகத்தான் விழும். அணுக்கள் அடுக்கியிருக்கும் திசையை அது மறப்பதில்லை.

இங்கேதான் ஒரு சின்ன உயிர் நம்மை நிறுத்துகிறது. கடல் முள்ளெலி, உருண்டையாக உடம்பெங்கும் முள்ளோடு பாறை இடுக்கில் கிடக்குமே, அது. மிதித்தவர்களுக்கு அந்த முள்ளின் கூர்மை மறக்காது. எக்ஸ் கதிர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளும் முனை முதல் அடி வரை ஒரே கால்சைட் படிகம்போல் நடந்துகொள்கிறது. அப்படியானால் பாதிரியார் கண்டதுபோல் சாய்சதுரமாகத்தானே உடையவேண்டும்? உடைவதில்லை. கண்ணாடி உடைவதுபோல் வளைந்த முகத்தோடு உடைகிறது. படிகத்துக்குள் அங்கங்கே மிகக் கொஞ்சமாகப் புரதம் அகப்பட்டிருக்கிறது. வெடிப்பு பிளவுத் தளத்தில் வழுக்கி ஓட விடாமல் அது திசை திருப்பிவிடுகிறது. அந்தப் பிராணி முள்ளைக் கட்டுகிற முறையும் விசித்திரமானது. முதலில் எந்த ஒழுங்கும் இல்லாத குழைவான கால்சியம் கார்பனேட்டை வேண்டிய வடிவத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதன்பிறகு அது படிகமாகும்படி விடுகிறது. வளைவுகளும் துளைகளும் கொண்ட ஒரு படிகம் அப்படித்தான் கிடைக்கிறது. இயற்கையில் கால்சைட் தானாக வளர்ந்தால் தட்டையான முகங்களும் நேர்க்கோட்டு விளிம்புகளும்தான் வரும்.

இனி முத்துச்சிப்பிக்கு வருவோம். மன்னார் வளைகுடாச் சிப்பி. அதன் ஓட்டைக் கையில் எடுத்தால் வெளிப்புறம் பழுப்பாக, செதில் செதிலாக, பார்க்கச் சகிக்காது. திருப்பினால் உள்புறம் நிலா வெளிச்சம்போல் இருக்கும். வெளிப்புறம் கால்சைட் தூண்கள், நெருங்கி நின்றபடி. உள்புறம் அரகோனைட் தகடுகள், படுத்தபடி. இரண்டையும் கட்டுவது மேன்டில் என்கிற ஒரே மெல்லிய சதை மடிப்பு. விளிம்பில் கால்சைட்டை நிறுத்தி வைக்கிறது; சற்று உள்ளே தள்ளி அரகோனைட்டைப் படுக்க வைக்கிறது. ஒரே கடல்நீர், ஒரே உடம்பு.

அந்த உட்பக்கத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த படங்கள் எந்தக் கொத்தனாரையும் வெட்கப்பட வைக்கும். ஒவ்வொரு தகடும் சுமார் அரை மைக்ரான் கனம், ஐந்து முதல் பத்து மைக்ரான் அகலம். நல்ல செங்கல் கட்டில் கீழ்வரிசை மூட்டின்மேல் மேல்வரிசைச் செங்கலின் உடம்பு உட்காருமே, அதேபோல் மூட்டு விலக்கி விலக்கி வரிசைகள் ஏறுகின்றன. நடுவில் சாந்தாகப் புரதமும் கைட்டினும், முப்பது நானோமீட்டர் அளவு. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஏறக்குறைய 2000 வரிசைகள். எடையில் 95 சதவீதம் அரகோனைட், மிச்சம்தான் அந்தச் சாந்து.

நிறம் எங்கிருந்து வருகிறது? சாயம் எதுவும் இல்லை என்பதை முதலில் காட்டியவர் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், 1814-இல். சிப்பித் துண்டு ஒன்றைத் தன் கருவியில் மெழுகும் குங்கிலியமும் கலந்த பசையால் ஒட்டிவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். துண்டைப் பெயர்த்து எடுத்தார். மெழுகில் சிப்பியின் வானவில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிப்பியின் துகள் ஏதாவது மெழுகில் பதிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டுச் சோதித்தார். அப்படி எதுவும் இல்லை. அதன்பின் வேலம்பிசினில் அச்சு எடுத்தார், ஈயத்தில் அழுத்தி எடுத்தார். எல்லாவற்றிலும் அதே வண்ணங்கள் வந்தன. சிப்பியின் மேற்பரப்பில் தகட்டு வரிசைகள் படிப்படியாக முடிகிற நுண்ணிய கோடுகள் இருக்கின்றன. அந்தக் கோடுகளின் அச்சு எதில் விழுந்தாலும் ஒளி அங்கேயும் அதேபோல் சிதறி நிறம் பிரிகிறது. சிப்பியிலிருந்து ஓர் அணுகூட எடுக்காமல் அதன் அழகை மட்டும் ஈயத்துக்கு மாற்றிவிட்டார் மனிதர்! பொருளை வேறாகவும் அமைப்பை வேறாகவும் பிரித்துக் காட்டிய சோதனை இதைவிடத் தெளிவாக ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மெழுகுக்கு மாறாத நிறமும் சிப்பியில் உண்டு. அது உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியால் வருவது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். தகடுகளின் கனமும் அதே அளவில்தான் இருக்கிறது. ஓர் அடுக்கில் பட்டுத் திரும்பிய அலையும் அடுத்த அடுக்கில் பட்டுத் திரும்பிய அலையும் சில நிறங்களில் கூடிக்கொள்கின்றன, சிலவற்றில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தகடு பத்து மைக்ரான் கனமாக இருந்திருந்தால் இந்த நிற விளையாட்டு தெரியாமல் போயிருக்கும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1930-களில் பெங்களூரில் இருந்தபோது இந்தச் சிப்பி ஓடுகளை எடுத்து வைத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதினார். 1950-களில் மறுபடியும் சிப்பிக்கும் முத்துக்கும் திரும்பினார். நோபல் பரிசு வாங்கியவருக்குக் கிளிஞ்சலில் என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். கடலின் நீலம் ஏன் என்று கேட்டவர் அதன் சிப்பியையும் கேட்காமல் விடுவாரா?

அழகு ஒரு பக்கம். சிப்பிக்கு அது வேண்டியதே இல்லை. இருட்டில், மூடிய ஓட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்கு வேண்டியது உடையாமல் இருப்பது. அரகோனைட் தனியாக இருந்தால் நொறுங்கும் பண்டம். ஒரு கீறல் விழுந்தால் அது நேராக ஓடி மறுபக்கம் வந்துவிடும். அதே அரகோனைட்டைத் தகடாக அடுக்கியபிறகு அதை உடைக்கச் செலவாகும் ஆற்றல் சுமார் 3000 மடங்கு ஆகிறது என்று 1988-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஐந்து சதவீதச் சாந்து செய்கிற வேலை! வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்புக்கு வந்ததும் மெத்தென்ற புரதத்தில் விழுகிறது. அடுத்த தகட்டைப் பிளப்பதைவிட அதைச் சுற்றிப் போவது எளிது, ஆகவே வளைகிறது. மறுபடி ஒரு தகடு, மறுபடி வளைவு. ஒரு மில்லிமீட்டர் முன்னேற அது ஊரைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. இதற்கிடையில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று இம்மியளவு வழுக்குகின்றன. அவற்றின் முகத்தில் உள்ள நானோ மேடுகள் உரசி அந்த வழுக்கலையும் தடுக்கின்றன. புரதமோ சுருண்டு மடிந்து கிடப்பது. இழுத்தால் ஒரேயடியாக அறுவதில்லை. ஒரு மடிப்பு அவிழ்ந்து கொடுக்கிறது, பிறகு அடுத்த மடிப்பு. ஒவ்வோர் அவிழ்ப்பும் கொஞ்சம் ஆற்றலைத் தின்கிறது. 1999-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்குழு அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் அந்தப் புரத இழையை இழுத்து, ரம்பப் பல்போல் ஏறி இறங்கும் விசையைப் பதிவு செய்தது.

எதை யோசிக்கிறேன் என்றால், வலிமை வேண்டும் என்றால் நாம் பலவீனத்தை ஒழிக்கப் பார்ப்போம். சிப்பியோ பலவீனம் எங்கே இருக்கவேண்டும் என்று இடம் பார்த்து வைத்திருக்கிறது.

சங்கின் வழி வேறு. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பு தொடர்ந்தது. வங்காளத்துச் சுமங்கலிகளின் சங்கு வளைக்கு இங்கிருந்துதான் நூற்றாண்டுகளாகச் சரக்கு போனது. டாக்கா, கல்கத்தாச் சங்கறுப்பவர்கள் பிறை வடிவ இரும்பு ரம்பத்தைக் கொண்டு, சங்கைக் காலால் இறுக்கிப் பிடித்து, குறுக்கே அறுப்பார்கள். உடல் நோகும் தொழில். சங்கு எளிதில் அறுபடுவதில்லை, தட்டினாலும் சட்டென்று உடைவதில்லை. அதற்கும் காரணம் அடுக்குதான். சங்கு ஏறத்தாழ முழுக்க அரகோனைட். புரதம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். சிப்பியில் இருப்பது போன்ற தகடு இதில் இல்லை. நூறு நானோமீட்டர் கனமுள்ள நீண்ட பட்டைகள் கற்றையாகச் சேர்ந்து ஒரு படலம். அடுத்த படலத்தில் அதே பட்டைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்கடுத்தது மறுபடி இந்தப் பக்கம். இப்படிப்பட்ட படலங்கள் சேர்ந்து ஓர் அடுக்கு. ஓட்டின் கனத்தில் அப்படி மூன்று அடுக்குகள், நடு அடுக்கு மற்ற இரண்டுக்கும் குறுக்காகத் திரும்பியபடி. கரீபியக் கடலின் பெரிய சங்கு ஒன்றை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். அடி விழுந்ததும் வெளி அடுக்கில் ஒரு வெடிப்புக்குப் பதிலாகப் பல மெல்லிய வெடிப்புகள் எழுந்து அடியின் வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடு அடுக்குக்கு வந்தவுடன் சாய்ந்த பட்டைகள் வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்து இழுத்துவைக்கின்றன. நம் பூசைச் சங்கின் ஓடும் இதே குறுக்குப் படல வகைதான்.

முத்தையும் சங்கையும் பவளத்தையும் முட்டை ஓட்டையும் சித்த மருத்துவர்கள் புடமிட்டுப் பற்பமாக்குவார்கள். அதன் மருத்துவ குணத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் தீயும் அமிலத்தின் கூட்டாளி என்பது மட்டும் தெரியும். சுமார் 900 டிகிரி செல்சியஸில் கால்சியம் கார்பனேட் கரியமில வாயுவைக் கைவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. காளவாயில் கிளிஞ்சல் வெந்து, தண்ணீர் தெளித்ததும் சீறி நீறி, வெற்றிலைக்கும் சுவருக்கும் வருகிறது. செட்டிநாட்டு வீடுகளில் அதைக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். கை வைத்தால் வழுக்குகிற அந்தச் சுவர், காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆனது. சுண்ணாம்போடு புரதத்தைச் சேர்க்கவேண்டும் என்று அந்தக் கொத்தனார்களுக்கு யார் சொன்னார்களோ, சிப்பிக்கும் அவர்தான் சொல்லியிருக்கவேண்டும்.

அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் கனத்த சிப்பிகள் அப்படியே தெரியும். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தச் சிப்பிகள் கட்டிய வீடுகள் அவை. சிமென்ட் ஆலைச் சூளையில் அந்தக் கல்லை 1450 டிகிரி வரை சூடேற்றுகிறோம். கட்டிய சிப்பிக்குச் சூளை எதுவும் இருக்கவில்லை. குளிக்க இதமான வெதுவெதுப்பான கடல்நீரில், சத்தம் இல்லாமல், புகை இல்லாமல் கட்டியது.

கால்சைட்டா அரகோனைட்டா என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வுக் கழகத்தில் லியா அதாதியும் ஸ்டீபன் வைனரும் சகாக்களும் சிப்பியின் கால்சைட் அடுக்கிலிருந்தும் அரகோனைட் அடுக்கிலிருந்தும் புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். கைட்டினும் பட்டுப் புரதமும் சேர்ந்த ஒரு படுகையில் அவற்றை வைத்துச் சுண்ணாம்பு படியவிட்டார்கள். அரகோனைட் அடுக்கின் புரதம் அரகோனைட்டை வரவழைத்தது. கால்சைட் அடுக்கின் புரதம் கால்சைட்டை. 1996-இல் வெளியானது இது. இதைச் சிலர் படைப்பின் மர்மம் ஒன்று உடைந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டளை எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் எழுதியவர்மேல் மதிப்பு குறையவா செய்யும்?

முட்டை ஓட்டில் வேறு வகைச் சாமர்த்தியம். கோழி ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் ஓட்டைக் கட்டி முடிக்கிறது. கால்சைட் தூண்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்க, நடுவே ஆயிரக்கணக்கான நுண்துளைகள், குஞ்சு மூச்சுவிட. கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தாய்க்கோழி மேலே உட்கார்ந்தால் தாங்கவேண்டும். 21-ஆம் நாள் உள்ளேயிருந்து அந்தப் பஞ்சுத் தலை குத்தினால் உடையவும் வேண்டும். வெளியிலிருந்து வரும் பாரத்தை வளைவு தாங்கிக்கொள்கிறது, உள்ளிருந்து வரும் குத்துக்கு அதே வளைவு இடம் கொடுத்துவிடுகிறது என்பது பழைய விளக்கம், சரியான விளக்கமும்கூட. 2018-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஓட்டுக்குள் நானோ அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது; ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் அதை நடத்துகிறது; வெளிப்புறத்தில் அந்த நுண்கூறுகள் சிறியவை, ஆகவே கடினம் அதிகம். அடைகாக்கும் நாட்களில் உட்புறத்து ஓடு மெல்லக் கரைகிறது. கரைந்த கால்சியம் குஞ்சின் எலும்புக்குப் போகிறது. எலும்பு உறுதிப்பட உறுதிப்படச் சுவர் மெலிகிறது. கதவை உடைக்கும் பலம் வந்த அன்று கதவும் உடையத் தயாராக இருக்கிறது.

மீன் காதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கத்தாளை மீனின் தலையை உடைத்துக் குழம்பில் சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் ஒரு வெள்ளைக் கல் தட்டுப்பட்டிருக்கும். அதை எலும்பு என்று துப்பிவிடுகிறோம். அது செவிக்கல், அரகோனைட். குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையமாக அதில் அரகோனைட் படிகிறது. மீன்வள ஆய்வாளர்கள் வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடுவார்கள். மீனின் உடம்பு கிட்டத்தட்ட நீரின் அடர்த்தி உடையது, ஆகவே ஒலி வரும்போது நீரோடு சேர்ந்தே அதிரும். கல் மட்டும் கனமானது, பின்தங்கும். அந்தப் பின்தங்கலைக் கீழே இருக்கும் நுண்மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. மீன் கேட்பது அப்படி. கல்லுக்குக் கனம் வேண்டும் என்பதால்தான் அங்கே நெருக்கமான அரகோனைட். பண்ணையில் வேகமாக வளர்க்கப்படும் சால்மன் மீன்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கல் தடுமாறிவிடுகிறது. அரகோனைட்டுக்குப் பதிலாக வேட்டரைட் படிகிறது. இயற்கையாக வளரும் மீன்களைவிடப் பத்து மடங்குவரை அதிகமாக இது பண்ணை மீன்களில் தென்படுவதாக ஆஸ்திரேலிய, நார்வே ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். அதே கால்சியம், அதே கரி, அதே ஆக்சிஜன். அடுக்கு மாறியதால் கல் லேசாகி, வடிவம் கெட்டு, மீனின் செவித்திறன் குறைந்துபோகிறது.

நம் காதுக்குள்ளும் இந்தச் சரக்கு இருக்கிறது. கேட்பதற்காக இல்லை, நேராக நிற்பதற்காக. உட்செவியின் இரண்டு சிறு பைகளில் பாகுபோன்ற ஒரு படுகையின்மேல் சில மைக்ரான் அளவுள்ள கால்சைட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தலை சாய்ந்தால் அவற்றின் பாரம் சாய்கிறது. எது மேல், எது கீழ் என்று கண்ணை மூடியிருந்தாலும் நமக்குத் தெரிகிறது. வயதானவர்களுக்குச் சில சமயம் அந்தப் படிகங்கள் படுகையிலிருந்து பெயர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். படுக்கையில் புரண்டால் போதும், அறை முழுவதும் கிறுகிறுவென்று சுற்றும், வாந்தி வரும், வீட்டில் எல்லோரும் பக்கவாதமோ என்று பதறிப்போவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் வெளியிட்ட சிகிச்சையில் மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. நோயாளியைக் கட்டிலில் சாய்த்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி வைக்கிறார்கள், பிறகு மறுபக்கம், பிறகு உடம்போடு சேர்த்து ஒருக்களித்து, கடைசியில் எழுப்பி உட்காரவைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். குழாயின் வளைவைத் தொடர்ந்து படிகங்கள் உருண்டு, வந்த பைக்கே திரும்பிவிடுகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்களில் பலர் அன்றைக்கே தாமாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.